கைப்பட்டை வாங்கியாயிற்று, இனி நடப்பது எப்படி?

காலடி எண்ணும் கைப்பட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டியதும், பல செயலிகளில் நாளுக்கு 10,000 காலடி என்ற இலக்கு தயாராக உட்கார்ந்திருக்கும். புதிதாகத் தொடங்குகிறவர் முதல் வாரம் அந்த எண்ணைக் கண்டுகொள்ளவே வேண்டாம்.

அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பயம் விட்டுப்போகும். தோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறு ஆண்டு, 1965ல், யமாசா என்ற ஜப்பானிய நிறுவனம் இடுப்பில் மாட்டும் காலடி மானி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயர் மான்போ-கெய். 'பத்தாயிரம் காலடி மானி' என்று பொருள். கடையில் எடுபடும் பெயர். மருந்துச்சீட்டில் எழுதிய அளவு இல்லை. ஆய்வுகள் பிறகுதான் வந்தன. 2019ல் ஹார்வர்டின் ஐ-மின் லீ குழு, சராசரி வயது 72 கொண்ட 16,741 பெண்களின் காலடிக் கணக்கை வெளியிட்டது. நாளுக்கு 2,700 காலடி நடந்தவர்களோடு ஒப்பிட்டால், 4,400 நடந்தவர்களிடமே இறப்பு விகிதம் கணிசமாகக் குறைந்திருந்தது. 7,500 வாக்கில் அந்தப் பலன் ஏறுவது நின்றுவிட்டது. 2022ல் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில் வந்த தொகுப்பாய்வு 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 6,000 முதல் 8,000, அதற்குக் கீழ் உள்ளவர்களுக்கு 8,000 முதல் 10,000 என்று வரம்பு சொன்னது. நாளுக்கு 3,000 நடப்பவர் 4,500க்குப் போனாலே பெரிய காரியம்.

எதை வாங்குவது

இன்னும் வாங்காதவர்களுக்கு மட்டும் நான்கு வரி. காலடி எண்ண ஐம்பது, அறுபது சிங்கப்பூர் வெள்ளிக் கைப்பட்டையே போதும். ஜிபிஎஸ், தொலைபேசி அழைப்பு, இசை எல்லாம் வேண்டுமென்றால்தான் திறன்கடிகாரம். ஆனால் திறன்கடிகாரங்களில் பலவற்றை ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை மின்னூட்ட வேண்டியிருக்கும். சாதாரணப் பட்டை ஒரு வாரமாவது தாங்கும். தொடங்குகிறவருக்கு இந்த வேறுபாடு பெரிது. மின்னூட்டக் கழற்றியதை மறுபடி கட்ட மறந்த அன்றுதான் பழக்கம் அறுகிறது.

வீட்டில் முதியவருக்கு என்றால் ஒரு விஷயம் கவனியுங்கள். மிக மெதுவாக நடப்பவர், சக்கர நடைச்சட்டம் தள்ளி நடப்பவர் ஆகியோரின் மணிக்கட்டு அசைவு போதாமல் கைப்பட்டை பாதிக் காலடிகளை விழுங்கிவிடும். இடுப்பில் செருகும் மானியோ, கணுக்காலில் கட்டக்கூடிய பட்டையோ அவர்களுக்குப் பொருத்தம்.

கட்டுவதும் இணைப்பதும்

எழுதாத கையில் கட்டுங்கள். வலக்கைக்காரர் என்றால் இடக்கை. செயலியின் அமைப்புகளில் 'எந்தக் கை' என்று கேட்கும் இடத்திலும் அதையே குறியுங்கள். இதைத் தவறாக இட்டால் சாப்பிடுவது, எழுதுவது போன்ற அசைவுகளைச் சல்லடை போடும் கணக்கு குழம்பும். மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் அல்லவா, அதற்கு ஒரு விரல் அகலம் மேலே பட்டை இருக்க வேண்டும். பட்டைக்கும் தோலுக்கும் நடுவே சுண்டுவிரல் நுழைந்தால் சரியான இறுக்கம். அடியில் மின்னும் பச்சை ஒளிதான் இரத்த ஓட்டத்தைப் பார்த்து இதயத் துடிப்பைக் கணிக்கிறது. பட்டை தளர்ந்தால் வெளிச்சம் உள்ளே புகுந்து எண் தாறுமாறாகும். அந்த இடத்தில் பச்சை குத்தியிருந்தாலும் அளவீடு கெடும். மறு கைக்கு மாற்றிப் பாருங்கள்.

இணைப்பில் பலர் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த இடம் இதுதான்: கைபேசியின் புளூடூத் பட்டியலுக்குப் போய்ப் பட்டையைத் தொட்டு இணைக்கப் பார்ப்பது. செய்ய வேண்டிய வரிசை வேறு.

1. பட்டையை முழுதாக மின்னூட்டுங்கள். மின்கலம் குறைவாக இருந்தால் மென்பொருள் புதுப்பிப்பு ஏறாமல் போகலாம்.
2. தயாரிப்பாளரின் செயலியை இறக்கி, கணக்குத் திறந்து, உயரம், எடை, வயதை உண்மையாக இடுங்கள். தூரக் கணக்கு உயரத்தை வைத்துத்தான் நடக்கிறது.
3. கைபேசியில் புளூடூத்தை இயக்கிவிட்டு, செயலிக்குள் 'சாதனம் சேர்' என்ற இடத்திலிருந்து இணையுங்கள்.
4. ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்கு மேல் இருந்தால் 'அருகிலுள்ள சாதனங்கள்' அனுமதி கேட்கும், கொடுங்கள். அதற்கு முந்திய கைபேசிகளில் இட அனுமதி இல்லாவிட்டால் பட்டையைத் தேடவே முடியாது.
5. மின்கலச் சிக்கன அமைப்பில் இந்தச் செயலிக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். இல்லையென்றால் கைபேசி பின்னணியில் செயலியைக் கொன்றுவிடும். பட்டையில் 6,000 இருக்கும், செயலியில் 2,000 இருக்கும்.

பழைய கைபேசியில் இணைந்திருந்த பட்டை புதியதில் தெரியாது. பழையதில் முதலில் நீக்கிவிட்டு வர வேண்டும்.

நம்புவதற்கு முன் 200 காலடி

பட்டைக்குக் கால் தெரியாது. உள்ளே இருக்கும் முடுக்கமானி மூன்று திசைகளில் அசைவை அளக்கிறது; கை வீச்சில் வரும் சீரான தாளத்தைக் காலடி என்று எடுத்துக்கொள்கிறது. ஒன்றிரண்டு அசைவை நடை என்று தவறாக எண்ணிவிடக் கூடாது என்பதற்காக, பல பட்டைகள் பத்து காலடி போலத் தொடர்ந்து வந்த பிறகே கணக்கைத் திறக்கும். அடுப்படிக்கும் குளிர்பதனப் பெட்டிக்கும் நடுவே நாலடி நாலடியாக நடந்தது ஏறாததற்கு அதுதான் காரணம். பட்டையில் கோளாறு ஒன்றும் இல்லை.

அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்துக்கு இறங்கி ஒரு சோதனை செய்யுங்கள். திரையில் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு, கையை இயல்பாக வீசியபடி வாய்விட்டு எண்ணி 200 காலடி நடங்கள். மறுபடி பாருங்கள். 190க்கும் 210க்கும் நடுவே கூடியிருந்தால் பட்டை நல்ல நிலையில் இருக்கிறது. இப்போது அதே 200ஐச் சந்தைக்குப் போகும் தள்ளுவண்டியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடங்கள். எண் சட்டென்று சரியும். குடை பிடித்த கை, குழந்தை வண்டியைத் தள்ளும் கை, கைபேசி பார்த்துக்கொண்டே நடக்கும் கை, நடைப்பொறியின் கம்பியைப் பற்றிய கை எல்லாவற்றுக்கும் இதே கதிதான். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல் பால்குடம் சுமந்து நடந்தவரின் பட்டையில் குறைவாகத்தான் காட்டும். இரண்டு கையும் குடத்தில் இருந்தனவே.

தள்ளுவண்டி நாள்களில் பட்டையைக் கழற்றிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். துடிப்பு பதிவாகாது, காலடி ஓரளவு சரியாக வரும்.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. சப்பாத்தி தேய்ப்பது, தேங்காய் துருவுவது, பாத்திரம் கழுவுவது, பஜனையில் தாளம் போடுவது ஆகியவை காலடியாக ஏறும். இதற்காகக் கவலைப்படத் தேவையில்லை. தினமும் சமைப்பவருக்குத் தினமும் அதே அளவு மிகையாக ஏறும். நேற்றோடு இன்றை ஒப்பிடும்போது அது கழிந்துபோகும். அடுத்த வீட்டுக்காரரின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

தூரம் சரியாக வேண்டுமென்றால் விளையாட்டரங்கின் 400 மீட்டர் ஓடுபாதையில், உள் தடத்தில், ஒரு சுற்று நடந்து காலடிகளை எண்ணுங்கள். 610 வந்தால் 400ஐ 610ஆல் வகுக்க, ஒரு காலடி 65.6 சென்டிமீட்டர். செயலியில் காலடி நீளம் கேட்கும் இடத்தில் அதை இடுங்கள். ஓடுபாதைக்குப் போக முடியாதவர்கள் உயரத்தில் ஏறத்தாழ 41 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளலாம்: 160 சென்டிமீட்டர் உயரம் என்றால் 66 சென்டிமீட்டர்.

மாடிக் கணக்கு காற்றழுத்தத்தை வைத்து நடக்கிறது. பல பட்டைகள் மூன்று மீட்டர் ஏறினால்தான் ஒரு மாடி என்று எண்ணும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்கில் ஒரு மாடி அதைவிடச் சற்றுத் தாழ்வு. பத்து மாடி ஏறியவருக்கு எட்டோ ஒன்பதோதான் காட்டும். சண்டைக்குப் போக வேண்டாம்.

முதல் வாரம் சும்மா இருங்கள்

ஏழு நாள் பட்டையைக் கட்டிக்கொண்டு வழக்கம்போல இருங்கள். கூடுதலாக நடக்க ஆசை வந்தாலும் அடக்குங்கள். இந்த வாரத்தில் கிடைக்கும் எண்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

அலுவலகம் போகும் ஒருவரின் வாரம் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: திங்கள் 3,210, செவ்வாய் 4,080, புதன் 2,950, வியாழன் 4,400, வெள்ளி 3,760, சனி 8,900, ஞாயிறு 1,870. சனிக்கிழமை தேக்கா சந்தைக்கும் முஸ்தஃபா கடைக்கும் போய்வந்த நாள். ஏழையும் கூட்டி வகுத்தால் சராசரி 4,167 வரும். அந்தச் சனிக்கிழமை சராசரியைத் தூக்கிவிட்டிருக்கிறது. அதற்குப் பதிலாகச் சிறியது முதல் பெரியது வரை வரிசையில் எழுதி நடுவில் நிற்கும் எண்ணை எடுங்கள்: 1,870, 2,950, 3,210, 3,760, 4,080, 4,400, 8,900. நடு எண் 3,760. சாதாரண நாளில் இவர் நடப்பது இதுதான்.

இலக்கு 4,500. நடு எண்ணோடு ஏழெட்டு நூறு கூட்டி முழு எண்ணாக்கியது. செயலியில் 10,000ஐ அழித்துவிட்டு இதை இடுங்கள். ஒரு வாரத்தில் ஐந்து நாள் தொட்டால் மறு வாரம் 500 கூட்டுங்கள். ஐந்து நாள் வராவிட்டால் அதே எண்ணிலேயே இருங்கள், குறைக்கவும் வேண்டாம். 4,500லிருந்து 7,500க்கு ஆறு ஏற்றம். நடுவில் சளி, மழை, தீபாவளி எல்லாம் வரும் என்பதால் இரண்டரை மாதம் ஆகும் என்று கணக்கு வையுங்கள்.

ஒரே வாரத்தில் 3,000லிருந்து 10,000க்குத் தாவியவர்களை இரண்டாவது வாரத்தில் குதிகால் பிடித்துக்கொள்ளும். காலையில் படுக்கையிலிருந்து இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஊசி குத்துவதுபோல் வலித்தால், பாதத்தின் அடித்தசை நார் வீங்கியிருக்கக்கூடும். சிமென்ட் தரையில் தட்டைச் செருப்போடு நீண்ட தூரம் நடப்பது அதை மோசமாக்கும். இந்த ஊரில் மார்க்கெட்டுக்கும் காப்பிக்கடைக்கும் செருப்போடு போவது வழக்கம்; நடைக்கென்று போகும்போது மட்டுமாவது காலணி மாட்டுங்கள்.

நெஞ்சுவலி, மூட்டு அறுவை சிகிச்சை, கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம் உள்ளவர்கள் எண்ணைக் கூட்டும் முன் குடும்ப மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்கள் நடந்து வந்ததும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். கொப்புளம் வந்தால் உங்களுக்குத் தெரியாமலே பெரிதாகும்.

காலடியை எங்கே செருகுவது

ஆயிரம் காலடி என்றால் சாதாரண வேக நடையில் பத்து நிமிடம். இந்த ஒரு கணக்கு மனத்தில் இருந்தால் போதும். 'இன்னும் 1,500 வேண்டும்' என்பது பதினைந்து நிமிடம் என்று உடனே புரியும்.

தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கி நடப்பேன் என்று தொடங்குகிறவர்கள் முதல் மழையில் நின்றுவிடுகிறார்கள். ஏற்கெனவே நடக்கும் காரியத்தின் வாலில் நடையைக் கட்டுங்கள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் தட்டைக் கழுவிவிட்டுக் கீழே இறங்கிப் புளோக்கை இரண்டு சுற்று. சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் இரத்தச் சர்க்கரை ஏறும் உயரமும் குறையும். நீரிழிவு உள்ள வீட்டில் எல்லாரும் சேர்ந்து இறங்கலாம். காலையில் பேருந்துக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்குவது, மதியம் பக்கத்து உணவங்காடியை விட்டுத் தள்ளி இருக்கும் உணவங்காடிக்குப் போவது, தாப்பாவ் (பொட்டலச் சாப்பாடு) வாங்கப் போகும்போது மின்தூக்கியை விட்டுப் படியில் இறங்குவது எல்லாம் தலா சில நூறு காலடி தரும்.

பட்டை மணிக்கொரு முறை அதிர்ந்து 'எழுந்திரு' என்று சொல்லும் வசதி உண்டு. சில வகைகளில் ஒரு மணி நேரத்துக்கு 250 காலடி என்று கேட்கும். இரண்டரை நிமிடம்தான். அலுவலகத்தில் தொலைவில் இருக்கும் கழிப்பறைக்குப் போய்வந்தால் முடிந்தது. நிமிடத்துக்கு ஒரு முறை வாட்ஸ்அப் செய்திக்கும் அதே அதிர்வு வந்தால் இதன் மதிப்பு போய்விடும். செய்தி அறிவிப்புகளை அணைத்துவிட்டு இதை மட்டும் விட்டுவையுங்கள். காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை என்று நேரமும் வரையறுங்கள். விடியற்காலை, இரவுத் தொழுகை, பூசை வேளையில் கை அதிராது.

வார இறுதிக்கு ஊரில் வழிக்கா பஞ்சம்? பிடோக் நீர்த்தேக்கத்தை ஒரு சுற்று வந்தால் 4.3 கிலோமீட்டர், ஏறத்தாழ 6,500 காலடி. தரை சமமாக இருப்பதால் தொடங்குகிறவருக்கு ஏற்றது. கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் போன வழியே திரும்பி வந்துவிடலாம் என்பதால் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு அளந்து நடக்க முடியும். 2011ல் மலேசியாவிடமிருந்து மலாயா ரயில் தடம் திரும்பக் கிடைத்த பிறகு உருவான ரயில் பசுமைப் பாதை 24 கிலோமீட்டர் நீளம். முழுதாக நடப்பது பிறகு. புக்கிட் தீமா மலை 164 மீட்டர்தான், ஆனால் எண்ணுக்காக அங்கே போகாதீர்கள். ஏற்றத்தில் காலடி குறைவாகவும் உழைப்பு அதிகமாகவும் இருக்கும். பட்டை அதை மெச்சாது.

மழை நாளில் புளோக்குகளை இணைக்கும் கூரைப் பாதை, கீழ்த்தளம், பேரங்காடி. சிட்டி ஹால் ரயில் நிலையத்திலிருந்து சிட்டிலிங்க் கடைத்தொகுதி வழியாக எஸ்பிளனேட் வரை நிலத்துக்கு அடியிலேயே நடக்கலாம், வெயிலும் இல்லை, மழையும் இல்லை. பணப்பையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், இரண்டு பக்கமும் கடைகள்.

வேகமும் வேண்டும்

ஆமை நடையில் 8,000 சேர்த்தாலும் இதயத்துக்கு வேலை குறைவு. வயது வந்தவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனமும் சிங்கப்பூர் வழிகாட்டியும் சொல்லும் அளவு. மிதமானது என்பதைக் காலடியில் சொன்னால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100. திரையைப் பார்க்கத் தேவையில்லை: கடிகாரத்தில் 15 வினாடி ஓடும்போது காலடிகளை எண்ணுங்கள். 25 வந்தால் வேகம் சரி. 30 வந்தால் இன்னும் நன்று. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவும் அதே அளவுகோல்தான்.

துடிப்பை வைத்துப் பார்ப்பவர்கள் 220லிருந்து வயதைக் கழியுங்கள். 45 வயதுக்காரருக்கு 175. அதில் 64 முதல் 76 விழுக்காடு, அதாவது 112 முதல் 133 வரை மிதமான வேகம். இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மாத்திரை துடிப்பை அடக்கி வைத்திருக்கும். எண்ணை எட்டிப் பிடிக்க ஓடினால் உடம்புக்குக் கேடு. அவர்களுக்குப் பேச்சுச் சோதனையே போதும்.

முதல் மாதம் முழு நடையையும் வேகமாக நடக்க வேண்டாம். விளக்குக் கம்பத்துக்கு விளக்குக் கம்பம் என்று ஒன்றை வேகமாக, அடுத்ததை மெதுவாக நடங்கள். வாரம் போகப்போக மெதுவானதைக் குறையுங்கள்.

இந்த ஊரில் துடிப்பு ஏறுவதற்கு வெப்பமும் புழுக்கமும் ஒரு காரணம். அதே வேகத்தில் நடந்தாலும் மதியம் ஒரு மணிக்குத் துடிப்பு கூடக் காட்டும். சூரியன் ஏழு மணி வாக்கில் உதித்து ஏழு மணி வாக்கில் மறைகிறது. காலை எட்டரைக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் வைத்துக்கொள்ளுங்கள். 2023 ஜூலை முதல் வெப்ப அழுத்த ஆலோசனை சுற்றுப்புற வாரியத்தின் மைஎன்வ் செயலியில் வருகிறது: ஈரக்குமிழ் கோளவெப்பநிலை (வெப்பம், ஈரப்பதம், காற்று, வெயில் எல்லாம் சேர்ந்த அளவு) 31 டிகிரிக்குக் கீழ் என்றால் குறைவு, 31 முதல் 33க்குள் மிதம், 33ஐத் தொட்டால் அதிகம். அதிகம் என்று காட்டும் நேரத்தில் கூரைக்கு அடியில் நடங்கள். இடி முழங்கினால் திறந்த வெளியை விட்டு உடனே வெளியேறுங்கள். ஆயிரம் காலடி பாக்கி இருக்கிறது என்ற வாதம் மின்னலிடம் எடுபடாது.

ஹெல்தி 365

சுகாதார மேம்பாட்டு வாரியம் 2015ல் நேஷனல் ஸ்டெப்ஸ் சேலஞ்சைத் தொடங்கிக் காலடி மானிகளை இலவசமாகக் கொடுத்தது. அப்போது பலருடைய வீட்டு இழுப்பறையில் இந்தப் பட்டைகள் குடியேறின. இப்போது அதன் கணக்கு ஹெல்தி 365 செயலியில் நடக்கிறது. சிங்பாஸ் என்ற அரசு மின்னடையாளம் வழியாக உள்நுழைந்து, எந்தச் சாதனத்தின் எண்ணை எடுக்க வேண்டும் என்பதைத் தெரிவு செய்தால், காலடிக்கும் வேக நடை நிமிடங்களுக்கும் புள்ளிகள் சேரும். புள்ளிகளைப் பற்றுச்சீட்டாக மாற்றலாம். எத்தனை காலடிக்கு எத்தனை புள்ளி, யார் சேரலாம் என்பவை பருவத்துக்குப் பருவம் மாறுவதால் செயலியிலேயே பாருங்கள்.

உங்கள் பட்டையின் எண் நேராக இங்கே வராமலும் இருக்கலாம். பட்டை அதன் செயலிக்கு அனுப்பும். அது ஐஃபோனில் ஆப்பிள் ஹெல்த்துக்கும், ஆண்ட்ராய்டில் ஹெல்த் கனெக்டுக்கும் அனுப்பும். அங்கிருந்து ஹெல்தி 365 எடுத்துக்கொள்ளும். நடுவில் ஒரு கண்ணியில் அனுமதி விட்டுப்போனால் அன்றைய எண் பூச்சியம். எண் வரவில்லை என்றால் இந்த வரிசையிலேயே பின்னோக்கிப் போங்கள்: முதலில் பட்டையின் சொந்தச் செயலியைத் திறந்து அங்கே எண் இருக்கிறதா என்று பாருங்கள்; இருந்தால் ஹெல்த் கனெக்டில் 'காலடிகள்' எழுத அனுமதி உண்டா; பிறகு ஹெல்தி 365க்குப் படிக்க அனுமதி உண்டா. இரவு படுக்கப் போகும் முன் இரண்டு செயலியையும் ஒருமுறை திறந்து மூடுவது நல்ல வழக்கம். பட்டைகள் சில நாள் விவரத்தைத்தான் உள்ளே வைத்திருக்கும்.

கைபேசியும் பட்டையும் ஒரே நேரத்தில் காலடி எழுதினால் இரட்டிப்பாகத் தோன்றக்கூடும். ஆப்பிள் ஹெல்த் அல்லது ஹெல்த் கனெக்டின் முன்னுரிமைப் பட்டியலில் பட்டையை முதலில் வையுங்கள்.

புள்ளி காலாவதியாகப் போகிறது, இந்த இணைப்பைத் தொடுங்கள் என்று குறுஞ்செய்தி வந்தால் தொடாதீர்கள். செயலியைத் திறந்து பாருங்கள். சந்தேகம் இருந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு மோசடித் தடுப்பு எண்ணுக்கு அழைக்கலாம்.

ஆர்வம் வடியும்போது

மூன்றாவது, நான்காவது வாரத்தில் புதுமை போய்விடும். அப்போது ஆளைப் பின்னுக்கு இழுக்கும் சங்கதிகள் இரண்டு.

ஒன்று, தொடர்நாள் கணக்கு. 'தொடர்ந்து 23 நாள்' என்று திரை சொல்லும்போது பெருமையாக இருக்கும். இருபத்து நான்காம் நாள் காய்ச்சலில் படுத்தால் கணக்கு பூச்சியத்துக்கு வரும். அதோடு மனமும் விட்டுப்போகும். காய்ச்சலோடு எழுந்து நடந்தவர்களும் உண்டு, அது அதைவிட மோசம். தொடர்நாள் அறிவிப்பை அணைத்துவிட்டு 'வாரத்தில் ஐந்து நாள்' என்ற கணக்கைச் சமையலறை நாள்காட்டியில் பேனாவால் குறியுங்கள். தவறிய மறுநாள் இலக்கு எண்ணை எட்ட வேண்டும் என்றில்லை. செருப்பு மாட்டிக் கீழே இறங்கி ஆயிரம் நடந்து வந்தால் போதும்.

இன்னொன்று, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரவு பத்து மணிக்கு வந்து விழும் காலடி எண் திரைப்பிடிப்புகள். மைத்துனர் 15,000 போட்டிருப்பார். அவர் கிடங்கில் நின்று வேலை பார்ப்பவர். உங்களுக்கு மேசை வேலை. குழுவில் போட்டி வைத்தே ஆக வேண்டும் என்றால் எண்ணை விட்டு ஏற்றத்தைப் போட்டியாக்குங்கள்: அவரவர் முதல் வார நடு எண்ணைவிட எத்தனை விழுக்காடு கூடியிருக்கிறது? 3,760லிருந்து 4,700க்கு வந்த அம்மா, 14,000லிருந்து 15,000க்கு வந்த மைத்துனரை வென்றுவிடுவார். கணக்குப் போட ஒரு பிள்ளை கிடைக்காமலா போகும்.

பட்டையை மேசை விசிறியில் கட்டி எண் ஏற்றுவது, உட்கார்ந்தபடி கையை ஆட்டுவது பற்றியெல்லாம் இங்கே சொல்ல ஒன்றும் இல்லை. பற்றுச்சீட்டு கிடைக்கும், வேறு ஒன்றும் கிடைக்காது.

கலோரி எண்ணை மறைத்துவிடுங்கள். 2017ல் ஸ்டான்ஃபோர்டில் ஏழு கைச்சாதனங்களை 60 பேருக்குக் கட்டிச் சோதித்தபோது, ஆறு சாதனங்கள் துடிப்பை 5 விழுக்காட்டுக்குள் சரியாகச் சொல்லின. கலோரிக் கணக்கில் இருப்பதிலேயே நல்ல சாதனமே சராசரியாக 27 விழுக்காடு தவறியது, மோசமானது 93 விழுக்காடு. 'நானூறு எரித்தாயிற்று, இரண்டு புரோட்டா கூடச் சாப்பிடலாம்' என்று அந்த எண்ணை நம்பிப் பேரம் பேசியவர்களுக்கு எடை ஏறியதில் வியப்பில்லை.

இரண்டு மூன்று மாதம் தொடர்ந்து நடந்தவர் திரையை நாளுக்கு ஒருமுறை, இரவில் மட்டும் பார்த்தாலே போதும்.

பட்டையின் உடம்பு

வியர்வையும் சோப்பும் பட்டைக்கு அடியில் தங்கினால் தோல் சிவந்து அரிக்கும். இங்கே பலர் 'ஒவ்வாமை' என்று பட்டையைத் தூக்கி எறிவதற்குப் பெரும்பாலும் காரணம் ஈரம்தான். நடந்து வந்ததும் கழற்றி, தண்ணீரில் கழுவி, மென்மையான சோப்பு ஒரு சொட்டு இட்டு அலசி, துடைத்துக் காயவைத்துக் கட்டுங்கள். சிவந்திருந்தால் ஆறும் வரை மறு கையில் கட்டுங்கள். ஒரு வாரத்தில் ஆறாவிட்டால் பட்டையில் உள்ள உலோகம் சேராமல் இருக்கலாம். மருத்துவரிடம் காட்டிவிட்டுத் துணிப்பட்டைக்கு மாறுங்கள்.

மின்னூட்டும் முனைகளில் வியர்வை உப்பு படிந்தால் மின்னூட்டம் ஏறாது. உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். குளிக்கும் நேரத்தை மின்னூட்ட நேரமாக வைத்துக்கொண்டால் இரண்டு வேலை முடியும்: வெந்நீரும் சோப்பும் பட்டையில் படாது, கழற்றிய இடமும் மறக்காது. 5 ஏடிஎம் என்ற முத்திரை தண்ணீர் அழுத்தத்தைத் தாங்கும் என்று சொல்கிறது. நீராவியைத் தாங்கும் என்று சொல்லவில்லை. பின்மூடி உப்பினால் மின்கலம் வீங்கியிருக்கிறது. உடனே கழற்றி, மின்னூட்டாமல், மின்கழிவாகப் பாதுகாப்பாக ஒப்படைக்கும் வழியைப் பாருங்கள். குப்பைக் குழாயில் போடக் கூடாது.

புதிய பட்டை வாங்கிவிட்டுப் பழையதை அம்மாவிடமோ மாமனாரிடமோ கொடுப்பதாக இருந்தால், கொடுக்கும் முன் உங்கள் செயலியிலிருந்து சாதனத்தை நீக்கி, தொழிற்சாலை நிலைக்கு மீட்டமையுங்கள். இல்லாவிட்டால் அவர் கைபேசியில் அது இணையாது. பிறகு அவர் உயரத்தை இட்டு, கை எது என்று குறித்து, எழுத்தைப் பெரிதாக்கி, கீழ்த்தளத்துக்குக் கூட்டிப்போய் 200 காலடிச் சோதனையை அவரோடு சேர்ந்து எண்ணுங்கள். அவருடைய இலக்கை அன்று இடாதீர்கள். ஏழு நாள் போகட்டும்.